எண்ணிக்கை தெரிந்த விருந்து

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. கறுப்புப் பின்னணி, தங்க நிற எழுத்து, கீழே ஒரு கியூஆர் கோடு. இந்த அழைப்பு உங்களுக்கு மட்டும்தான் என்று ஒரு வரி. உடுப்புக்கு இன்னொரு வரி: ஸ்மார்ட் கேஷுவல். எங்கள் கிண்ணியாவில் உடுப்பு இரண்டு வகைதான்: பெருநாள் உடுப்பு, மற்ற உடுப்பு. யூடியூப்பில் தேடியும் தெளிவு பிறக்காததால், பெருநாளுக்கு எடுத்த ஷேர்ட்டையே அயன் பண்ணிக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினோம்.

நாங்கள் மூன்று பேரும் கலைப்பீட மாணவர்கள். விடுமுறையில் ஒரு கணக்கெடுப்புக்காக ஊர்ப்பக்கம் வீடு வீடாகப் போய்த் தமிழில் கேள்வி கேட்டுக் கொடுத்திருந்தோம். அந்த வேலை முடிந்ததற்கான விருந்து அது. கடல் தெரிகிற ஒரு ஹோட்டலின் மொட்டை மாடியில்.

இப்படியான விருந்துகளை நக்கலடித்து எழுதுவது லேசு. உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அது பிடித்திருந்தது. லிஃப்ட் வாசலில் நின்றவர் எங்கள் பெயர்களைப் பிழையில்லாமல் சொல்லி வரவேற்றார். பதில் அனுப்பும் படிவத்தில் ஹலால் என்று குறித்திருந்தோம். சாப்பாட்டு மேசையில் அதற்கென்று தனிப் பகுதி, தனிக் கரண்டிகள். மஃரிபுக்கு இடம் கேட்டபோது ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். விரிப்பு முதலே போட்டிருந்தது, கிப்லாவுக்கு அம்புக்குறியும் ஒட்டியிருந்தது. இருட்டில் கால் தடுக்காமல் இருக்க படிகளின் ஓரத்தில் ஒளிரும் நாடா. மழை வந்தால் ஒதுங்க கீழ் மாடியில் ஒரு மண்டபம்.

வாசலில் ஒரு நானா சின்ன எண்ணும் கருவியோடு நின்றார். ஆள் உள்ளே போனால் ஓர் அழுத்து. "மாடியில கணக்குக்கு மேல ஆள் ஏத்த ஏலாது தம்பி, அதான் எண்ணுறம்" என்றார்.

பட்டியல் போட்டு ஆளை அழைக்கிற விருந்துகளில் உலகப் புகழ் பெற்றது, எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி 1966 நவம்பர் 28 அன்று நியூயோர்க்கின் பிளாஸா ஹோட்டலில் வைத்த கறுப்பு வெள்ளை விருந்து. 540 பேரளவில் அழைப்பு. மாதக்கணக்காகப் பெயர்களை எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்திருக்கிறார். அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்பதைவிட யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்பதைத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

நம்ம ஊரில் பட்டியல் இல்லையா? இருக்கிறது. வலீமாவுக்குக் கார்ட் எழுதும் இரவில் வாப்பாமார் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாக வீடுகளை ஞாபகப்படுத்துவார்கள். யாருக்குக் குடும்பத்தோடு, யாருக்கு ஒராள் என்பதிலும் கணக்குண்டு. அதனால் நகரம் ஆளைப் பிரிக்கும், ஊர் சேர்க்கும் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கொப்பியின் பயம் வேறு. ஒரு வீடு விடுபட்டால் வருடக்கணக்கில் கதை பேச்சு இருக்காது. கொழும்பு வாசலின் பயம், அழைக்காத ஆள் புகுந்துவிடுவாரோ என்பது.

எங்களில் ஒருவன் குறிஞ்சாக்கேணிப் பக்கம். அந்த எண்ணும் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றவன், "மச்சான், அண்டைக்குப் பாதையடியில இப்பிடி ஒராள் நிண்டிருந்தா..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். மிச்சத்தை நாங்களும் கேட்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு: பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் கரை கடத்துகிற மிதவை. 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போக எங்கள் வாப்பாமார் ஏறியதும் பாதையில்தான். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில் சனம் மறுபடியும் பாதையில் போய்வந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் மௌத்தானார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது நியாயமா என்று திரும்பி வரும் பஸ்ஸில் வாக்குவாதப்பட்டோம். விருந்து வைத்தவர்கள் தங்கள் காசில் தங்கள் விருந்தாளிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "நம்மட நாட்டில ஒண்டையும் ஒழுங்காச் செய்ய ஏலா" என்ற பேச்சைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அது பொய் என்று அந்த மாடியில் கண்ணால் கண்டோம். மழைக்கு முன்னமே இடம் பார்க்கவும், இருட்டில் படி தெரியச் செய்யவும், ஆளை எண்ணி ஏற்றவும் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஹோட்டல் மாடிக்குக் கிடைக்கிற அந்தக் கவனம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்பதற்கு யாருடைய அழைப்பும் எங்களுக்குத் தேவையில்லை.

ஹபரணை தாண்டும்போது ஒருவன் அந்த எண்ணும் கருவியின் விலையைப் போனில் தேடினான். எங்கள் ஒருவரின் பஸ் டிக்கட்டைவிடக் குறைவு.