இண்டிகேட்டர் ஆயில் தேடி

அமெரிக்கக் கார் பட்டறைகளில் புதிதாகச் சேரும் பையனுக்கு ஒரு சோதனை காத்திருக்கும். "இண்டிகேட்டர் ஆயில் தீர்ந்துபோச்சு, ஓடிப்போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வா" என்பார் மூத்த மெக்கானிக். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரும் இதில் கூட்டு. "முன்பக்கத்துக்கா, பின்பக்கத்துக்கா?" என்று முகம் மாறாமல் கேட்பார். பையன் அதைக் கேட்டுவரத் திரும்ப ஓடுவான்.

இண்டிகேட்டருக்கு ஆயில் கிடையாது. பழைய கார்களில் அதன் பிளாஷருக்குள் இரு உலோகங்கள் ஒட்டிய மெல்லிய தகடு ஒன்று இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் சூடேறி வளையும், இணைப்பு விட்டு விளக்கு அணையும். ஆறினால் நிமிரும், விளக்கு மறுபடி எரியும். 'டிக் டிக்' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் என்று தொட்ட இடமெல்லாம் ஆயிலைப் பார்த்த பையனுக்குச் சந்தேகம் எங்கே வரும்?

இந்தக் குறும்பின் வேரைத் தேடினேன். ஜெர்மன் பட்டறைகளிலும் இது உண்டு. அங்கே கேட்டு அனுப்புவது கியர்பாக்ஸ் மணல். இல்லையென்றால் பிஸ்டனைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங். மணல் விழுந்தால் பற்சக்கரங்கள் தேய்ந்து நாசமாகும். பிஸ்டனைத் திருப்பி அனுப்புவது கிராங்க் ஷாஃப்ட். அதற்கு ஸ்பிரிங்கே தேவையில்லை.

கார் வருவதற்கு முந்தைய காலத்திலும் தடயம் கிடைத்தது. 1860-களில் ராபர்ட் சேம்பர்ஸ் வெளியிட்ட 'புக் ஆஃப் டேஸ்' நூலில், ஏப்ரல் முதல் தேதி பிரிட்டனில் நடந்த கூத்துகள் பதிவாகியிருக்கின்றன. அப்பாவி ஒருவனை மருந்துக்கடைக்குப் புறாப்பால் வாங்க அனுப்புவார்கள். செருப்புத் தைப்பவரிடம் 'வார் எண்ணெய்' கேட்கச் சொல்வார்கள். கேட்டவன் தோளில் தோல்வாராலேயே அடி விழும்.

இன்னும் பின்னால் போனால், 1561-இல் பிளெமிஷ் கவிஞர் எட்வார்ட் டி டேனே எழுதிய கவிதை. கல்யாண விருந்துக்கு ஏற்பாடு என்று சொல்லி, ஏப்ரல் முதல் நாளில் ஒரு பிரபு தன் வேலைக்காரனை அங்கும் இங்கும் அலையவிடுகிறார். வீணாக அலைக்கழிக்கிறார்களோ என்ற பயம் அவனுக்கு வருகிறது. ஆனாலும் எஜமான் சொல்லைத் தட்ட முடியுமா?

இந்த நான்கரை நூற்றாண்டுத் தடத்தில் அனுப்புகிறவர் பெரியவர், அலைகிறவன் சிறியவன். அப்படியானால் இது வெறும் அதிகாரமா? அதற்குப் பதில் தந்தது சமூகவியலாளர் டொனால்ட் ராய் எழுதிய 'பனானா டைம்' கட்டுரை. ஒரு தொழிற்சாலையில் தானே இயந்திரம் ஓட்டியபடி அவர் பார்த்தது இது: ஒரு தொழிலாளி தினமும் கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் எடுத்துத் தின்றுவிடுவார். பறிகொடுத்தவர் சத்தம் போடுவார். மறுநாளும் பழத்தோடு வருவார். சலிப்பூட்டும் வேலையை அந்த விளையாட்டுதான் தாங்கவைத்தது. ஆனால் ஒருநாள் ஒரு கேலி, சக தொழிலாளியின் குடும்பப் பெருமையைச் சீண்டிவிட்டது. பேச்சே நின்றுபோய், கூடி வேலை பார்த்தவர்கள் நாள்கணக்கில் முகம் கொடுக்கவில்லை.

ஏமாந்தவனும் கடைசியில் சேர்ந்து சிரித்தால்தான் அது விளையாட்டு. ஏர் கம்ப்ரசர் குழாயை விளையாட்டாக ஒருவர் உடம்பில் வைத்து, குடல் கிழிந்து உயிர்போன செய்திகள் நம் நாட்டிலும் வந்திருக்கின்றன. அதைக் குறும்பு என்று எழுதுவதே தவறு. பிரபுவின் வேலைக்காரனுக்கு மறுக்கும் உரிமை இல்லை; இன்றைய பட்டறையில் "போதும் அண்ணே" என்று சொல்லும் உரிமை கடைசியாகச் சேர்ந்த பையனுக்கும் வேண்டும், அந்த ஒரு சொல்லுக்கு எல்லாரும் நிறுத்தவும் வேண்டும்.