ஒரு சாண் நாடா

1988ஆம் ஆண்டு நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்த மாதங்களில், மாத்தளைத் திருகோணமலை வீதியிலிருந்த ஒரு வீடியோக் கடையில் மாலை வேளைகளில் பணிபுரிந்தேன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன் திரைப்படக் கசெற்றுகளை அடுக்கிக்கொண்டிருப்பது என் தந்தையாருக்கு உவப்பாக இருக்கவில்லை. எனக்கோ, உண்மையைச் சொன்னால், அந்த வேலை பிடித்திருந்தது.

1977இன் திறந்த பொருளாதாரத்தோடு இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. மத்திய கிழக்கில் உழைத்தோர் டெக்குகளோடு திரும்பினர். இவை கூடியே இத்தகைய கடைகளைச் சிறு நகரங்கள் வரை கொணர்ந்தன. தோட்டங்களில் சடங்கு, கலியாணம் என்றால் டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சேர்த்தே வாடகைக்குக் கேட்பர். மின்சாரம் எட்டாத லயங்களுக்கு ஜெனரேட்டரும் போகும். விடிய விடியப் படங்கள் ஓடும். பதிப்புரிமை என ஒன்று உண்டென்பதை அக்கடையில் எவரும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை, நானும் நினைக்கவில்லை.

பேரேடு எழுதுவது, சுற்றாமல் திரும்பிவரும் கசெற்றுகளைச் சுற்றிவைப்பது, மழைக்காலத்தில் நாடாவிற் படரும் வெண்பூஞ்சணத்தைத் துடைப்பது ஆகியன என் கடமைகள்.

அங்கு வாடிக்கையாக வந்தவர்களுள் ஒரு மூதாட்டி இருந்தார். தோட்டத்திற் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். நகரில் மகளோடு வாழ்ந்தார். வீட்டிலிருந்த டெக், இளைய மகள் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. “அந்த மலை வர்ற படத்தக் குடுங்க தம்பி” என்று வாரந்தோறும் அவர் கேட்டது ‘மூன்றாம் பிறை’. மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த பாலுமகேந்திரா 1982இல் நீலகிரியில் எடுத்த படம்.

கமல்ஹாசனின் விசிறி போலும் என்று முதலில் எண்ணினேன். ஒருநாள் அவரே சொன்னார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்ததை நாமெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். அந்த எண்ணில் ஒருவன் அவருடைய மகன். தலைமன்னாரிற் கப்பலேறியவன், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு கூடலூரில் அமைத்த தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். கப்பலோ 1984இல் நின்றுபோயிற்று. “இந்த மலைக்கு அங்கிட்டுத்தான் கூடலூராம். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன்” என்றார். கதாநாயகனையோ கதையையோ அவர் கேட்கவேயில்லை. நடிகர்களுக்குப் பின்னால் தெரிந்த சரிவுகளையே பார்த்துவந்தார்.

அந்த ‘நிறுத்தி நிறுத்தி’ என்பதில்தான் வினை இருந்தது. படத்தை நிறுத்திவைத்தால் நாடா நகர்வதில்லை. ஹெட் உருளை மட்டும் நிமிடத்திற்கு 1,500 தடவை சுழன்று அதே இடத்தையே தேய்த்துக்கொண்டிருக்கும். சில மாதங்களில் மலைக்காட்சியில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. வேறு வாடிக்கையாளர் முறையிட்டனர். எவர் செய்ததென்று கண்டுபிடித்துக் கசெற்றின் விலையை அறவிடும்படி முதலாளி கூறினார். எனக்குத் தெரியும், பேரேட்டைப் பார்த்தால் எவருக்கும் தெரிந்திருக்கும். நாடா பழையதென்று சொல்லி மழுப்பினேன். அதில் அன்று எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

“அப்படியானால் பழுதானதை வெட்டி ஒட்டு” என்றார் முதலாளி. பழுதான பகுதி டெக்கின் ஹெட்டையே கெடுத்துவிடும்; அவர் சொன்னதிற் தவறில்லை. திருகாணிகளைக் கழற்றி, ஒரு சாண் நாடாவைச் சவர அலகால் வெட்டி, முனைகளை ஒட்டினேன். ஒரு சாண் நாடாவென்பது ஏறத்தாழ 10 விநாடி. வேறொரு பிரதியிலிருந்து அப்படத்தைப் புதிதாகப் பதிந்து கொடுத்திருக்கலாம். கண்டிக்கு ஒரு பஸ் பயணமும் வெற்றுக் கசெற் ஒன்றின் விலையுமே தேவைப்பட்டிருக்கும். அன்று எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் போயிருப்பேனா என்பது ஐயமே.

அவ்வாரமும் பாட்டி வந்தார். ஒன்றும் கூறாமலே கொடுத்தனுப்பினேன். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து மேசைமீது வைத்து, “இப்ப கோடெல்லாம் இல்ல, தெளிவா ஓடுது தம்பி” என்றார். வாடகையை எண்ணிக் கொடுத்தார். வேறு படம் வேண்டுமா எனக் கேட்டேன், வேண்டாமென்றார்.

கடையை விட்டு நான் விலகும்வரை, பேரேட்டில் அப்படத்திற்கு நேரே அவருடைய பெயரை எழுத நேரவில்லை.