பழையனூரில் பூட்டிய கதவு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயில் திருவள்ளூரைத் தாண்டிச் சிறிது நேரத்தில் நம்மைத் திருவாலங்காட்டில் இறக்கிவிடுகிறது. ஆலயத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர் போகவேண்டும். ஆலமரங்கள் அடர்ந்த வனமாதலால் வடாரண்யம் என்றும் இதற்குப் பெயர். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இதுவே. காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்த தலமும் இதுதான்.

தரிசனம் முடிந்ததும் அடுத்துள்ள பழையனூருக்குச் சென்றோம். 'நீலிக் கண்ணீர்' என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோமல்லவா? அந்த நீலியின் கதை இவ்வூர்க் கதையே. அவள் பேய் என்று செட்டி அலறினான். வேளாளர் எழுபதின்மரோ, அவனுடைய வாளை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று வாக்களித்து, இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவை அடைத்தார்கள். விடிந்தபோது செட்டி பிணமாய்க் கிடந்தான். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர் என்பது கதை. அவர்கள் நினைவாக இங்கே ஒரு மண்டபம் இருக்கிறது.

அதன் முன் நின்றபோது நமக்கு ஒன்று தோன்றிற்று. செட்டியை அந்த அறையில் விடாமல் ஊர்ச் சபையின் நடுவிலேயே, விளக்கொளியில் இருத்தியிருந்தால்?

1961-ல் அமெரிக்காவில் ஜேன் ஜேகப்ஸ் என்ற அம்மையார் இதையே வேறு விதமாக எழுதினார். வீதியைக் காப்பவை முதலில் அதில் வசிப்போரின் கண்களே. போலீஸார் பிறகுதான் என்றார். 1972-ல் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டிட நிபுணர், 'இது நம் இடம்' என்று குடியிருப்போர் கருதுமாறு கட்டடங்களை அமைத்தால் குற்றம் குறையும் என்று வாதித்தார். தெருவை நோக்கிய சன்னல், மறைவில்லாத பாதை, நல்ல வெளிச்சம் - இவையே அவ்வித்தையின் முக்கிய அங்கங்கள். நம் பாட்டனார் வீட்டுத் திண்ணை எந்த நிபுணரையும் கேளாமலே இந்த வேலையைச் செய்துவந்தது!

ஆனால் கண்கள் மட்டும் போதுமா? 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அங்கே அன்று காமிரா இல்லை. ஆனால் பிரயாணிகள் இருந்தனர். கொன்றவன் தப்பிவிட்டான். காமிரா பிறகு வைக்கலாம். பிணை நிற்கும் மனத்தை எங்கே வாங்குவது?

திரும்பும்போது இருட்டிவிட்டது. புதர் மண்டிய இடத்தில் நம்முடன் வந்த பெண்மணிகள் பேச்சை நிறுத்தி விரைந்து நடந்தார்கள். தேநீர்க் கடை விளக்குத் தெரிந்த பிறகே பேச்சு மீண்டது. புதரை வெட்டுவதும் விளக்கிடுவதும் பஞ்சாயத்தின் கடமை. கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர் தலை நிமிர்ந்து பார்ப்பது நம் கடமை.