நன்கொடையாளரைத் தேடும் வரைபடங்கள்: நேரில் சென்று பார்த்தபோது

அமெரிக்காவின் பல பொது நூலகங்களில், அறக்கட்டளைகளைப் பற்றிய கேண்டிட் நிறுவனத்தின் தரவுத்தளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சந்தா கட்ட வசதியில்லாத சிறு தொண்டு நிறுவனங்களுக்கு இது பெரிய உதவி. அப்படியொரு நூலகத்துக்குப் போயிருந்தேன். ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஓர் அமைப்புக்காக நன்கொடையாளர்களைத் தேடித்தரும் தமிழ்ப் பெண்மணி ஒருவரும் உடன் வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். யாருக்கு யாரைத் தெரியும் என்று காட்டும் இணைய வரைபடங்கள் அவருடைய வேலைக்கு எந்த அளவு கைகொடுக்கும் என்று பார்ப்பதே எங்கள் நோக்கம்.

முதலில் லிட்டில்சிஸ் தளத்தைத் திறந்தோம். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைச் சேர்ந்த ஒரு பொதுநல அமைப்பு 2009இல் தொடங்கிய இலவசத் தளம் இது. பணமும் அதிகாரமும் எங்கே கைகோக்கின்றன என்று மக்கள் கண்காணிப்பதற்காக உருவானது. நிதி திரட்டுவோர் அதைத் தங்கள் தேவைக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஒரு பெயரைத் தேடினால் பதவி, படிப்பு, குடும்பம், நன்கொடை என்று உறவுகள் வகைவகையாக வந்து நிற்கின்றன. ஒவ்வோர் உறவுக்கும் ஆதாரம் எதுவென்று சொடுக்கிப் பார்க்க முடிகிறது.

“தெரிஞ்ச ஆளை வச்சு முதல்ல சோதிச்சுப் பாரு தம்பி. தெரியாத ஆளைத் தேடினா, வர்றது சரியா தப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அக்கா.

வாரன் பஃபெட்டையும் பில் கேட்ஸையும் எடுத்துக்கொண்டோம். பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே இயக்குநர் குழுவில் கேட்ஸ் 2004 முதல் 2020 மார்ச் வரை இருந்தார். கேட்ஸ் அறக்கட்டளையின் அறங்காவலர் பொறுப்பிலிருந்து பஃபெட் 2021 ஜூனில் விலகினார். இரண்டு உறவுகளுமே முடிந்துபோனவை. முடிந்த ஆண்டைச் சொல்லும் வரைபடத்தை நம்பலாம். இன்றும் தொடர்வதுபோல் காட்டினால் மற்ற உறவுகளையும் சந்தேகிக்க வேண்டும். லிட்டில்சிஸில் தொடக்க ஆண்டுக்கும் முடிவு ஆண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் தகவல்களைச் சேர்ப்பவர்களில் தன்னார்வலர்களும் உண்டு என்பதால், அது நிரப்பப்படாமல் இருக்கவும் கூடும். இத்தகைய வரைபடங்களைத் தரும் கட்டணத் தளங்களிலும் இதே சோதனையைச் செய்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

வரைபடத்தில் இருவரை இணைக்கும் கோடு சரியாகவே இருந்தாலும், அந்த உறவின் பலம் தெரிவதில்லை. ஆண்டுக்குச் சில முறை ஒரே கூட்டத்தில் உட்காரும் இருவருக்கும், கல்லூரிக் காலத்திலிருந்து நெருங்கிப் பழகும் இருவருக்கும் திரையில் ஒரே மாதிரிக் கோடுதான். அந்த வேறுபாட்டைச் சொல்லக்கூடியவர்கள் நம் நிர்வாகக் குழுவில் இருக்கும் மனிதர்கள். “இவர் உங்களுக்குப் பழக்கமா?” என்று அவர்களிடம் கேட்கத்தான் வரைபடம் உதவ வேண்டும்.

அடுத்து, வரைபடமே இல்லாத ஓர் ஆவணத்தை அக்கா காட்டினார். தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் அமெரிக்க வருமானவரித் துறைக்குத் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் படிவம். புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அறங்காவலர்களின் பெயர்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல், எல்லாம் அதில் இருக்கின்றன. தாங்களே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டும்தான் கொடுப்போம், கேட்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்கமாட்டோம் என்று குறிக்க ஒரு சிறு கட்டமும் உண்டு. அது நிரப்பப்பட்டிருந்தால் விண்ணப்பம் எழுதி உட்காருவது வீண். அங்கேதான் அறிமுகம் தேவைப்படுகிறது, வரைபடமும் பயன்படுகிறது. ஒரு குறை: நிதியாண்டு முடிந்து பல மாதங்கள் கழித்தே படிவம் தாக்கலாகிறது. அதில் உள்ள அறங்காவலர் இன்றும் அதே பொறுப்பில் இருக்கிறாரா என்று தனியே உறுதிசெய்ய வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. அரசியல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை அமெரிக்கத் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது. ஆனால் அந்தத் தனிநபர் விவரங்களை எடுத்து நன்கொடை கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தொண்டுக்கான நன்கொடைக்கும் இந்தத் தடை பொருந்தும். பிரிட்டனில், ஆதரவாளர்களுக்குத் தெரியாமல் அவர்களின் செல்வ நிலையை ஆராய்ந்ததற்காக இரண்டு பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு 2016 டிசம்பரில் தகவல் ஆணையர் அபராதம் விதித்தார். பொதுவெளியில் கிடைப்பதாலேயே எல்லாத் தகவலும் நமக்கு உரியதாகிவிடாது.

சிறு அமைப்பு நடத்துவோருக்கு நான் சொல்வது இதுதான். முதலில் வரிப் படிவத்தைப் படியுங்கள். பிறகு ஆதாரமும் ஆண்டும் காட்டும் இலவச வரைபடத்தைப் பாருங்கள். கட்டணத் தளத்துக்குக் கடைசியில் போனால் போதும். யாரைப் பற்றிக் குறிப்பு எழுதினாலும், அவரே படித்தால் வருந்தாதபடி எழுதுங்கள். நன்கொடை தருபவர் நம்மை நம்பித்தான் தருகிறார். அவரைத் தேடும் முறையிலும் அந்த நம்பிக்கைக்கு நாம் உரியவர்களாக இருக்க வேண்டும்.