படிக்க வருபவர்களின் மாட்டுங்கா

ஊரை விட்டு மும்பைக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, உறவினர்கள் சொல்லி அனுப்பும் முதல் பெயர் பெரும்பாலும் மாட்டுங்காவாகத்தான் இருக்கும். 1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. அதற்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க 1898இல் அமைந்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலமான சாலைகளும் மரங்களுமாகக் குடியிருப்புகளைத் திட்டமிட்டது. குமாஸ்தா, சுருக்கெழுத்து வேலைகளைத் தேடி வந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறினார்கள்.

கல்லூரிகளும் கூடவே வளர்ந்தன. 1887இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்வி நிலையமான வி.ஜே.டி.ஐ. 1923இல் இங்கே இடம் மாறியது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாக 1933இல் பிறந்த யு.டி.சி.டி., இன்று ஐ.சி.டி. என்ற தனிப் பல்கலைக்கழகம். ரூயா, கால்சா கல்லூரிகள் இரண்டும் 1937இல் தொடங்கியவை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலேயே மாட்டுங்காவில் பள்ளி நடத்தத் தொடங்கிவிட்டது.

புதிதாக வருபவர்களைக் குழப்புவது ரயில்தான். மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு, ஹார்பர் பாதையில் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று நிலையங்கள் உண்டு. மத்தியப் பாதையில் ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது. தாதரில் இறங்கி ஸ்லோ வண்டிக்கு மாற வேண்டும். இந்த மாட்டுங்கா நிலையம் 2017இலிருந்து முழுக்கப் பெண் ஊழியர்களால் நடத்தப்படுகிறது. வீட்டை விட்டுத் தனியே வந்து இறங்கும் பெண்ணுக்கு அது தரும் தெம்பு சிறிதல்ல.

அந்த மாட்டுங்கா நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கிறது 1942இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். அங்கே வாழை இலையில் சோறு, சாம்பார், ரசம், மோர் எல்லாம் உண்டு. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் 1940இலிருந்து இயங்கும் கஃபே மெட்ராஸ். மார்க்கெட்டில் முருங்கைக்காயும் தொடுத்த மல்லிகையும் கிடைக்கும். ஆஸ்திக சமாஜத்தில் மாலை பூஜை. சண்முகானந்தா சபாவில் கச்சேரி. முதல் மாதத்தின் ஏக்கத்தை இவை தணித்துவிடும்.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே தங்கிவிட்டால் மும்பையைப் பார்க்காமலே படிப்பு முடிந்துவிடும். குஜராத்திக் குடும்பங்களும், ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்துப் பார்சிகளும், மராத்திக்காரர்களும் சேர்ந்துதான் இந்த ஊர். காய்கறிக்காரரிடம் மராத்தியில் விலை கேட்கத் தொடங்கும் நாளில்தான் ஒரு மாணவர் உண்மையில் இங்கே குடியேறுகிறார்.

இன்னொரு மாட்டுங்காவும் உண்டு. பெயர் மாட்டுங்கா லேபர் கேம்ப், இருப்பதோ தாராவியில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் தாராவிக்கு வந்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் வாழ்கின்றன. குமாஸ்தா வேலைக்கு வந்தவர்களுக்குத் திட்டமிட்ட தெருக்கள் வாய்த்தன. தோல் பதனிட வந்தவர்கள் தாங்களே சதுப்பு நிலத்தை மேடாக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். இரு தரப்பும் பேசுவது தமிழ்தான். நடுவில் இருப்பதோ நடந்தே போகக்கூடிய தூரம். விடுமுறை நாளில் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கோ அறிவியலோ சொல்லிக் கொடுக்கலாம். மாட்டுங்கா தந்த சோற்றுக்கும் நிழலுக்கும் ஒரு மாணவர் செய்யக்கூடிய நல்ல கைம்மாறு அது.