தொட்டியில் ஒரு பசுந்திரை

வீட்டின் முகப்பை அழகுபடுத்த நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பக்கவாட்டுச் சந்தும் கொல்லைப்புறமும்தாம் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. மடத்துக்குளத்தில் உள்ள எங்கள் இல்லத்தின் மேற்குப் புறமும் அவ்வாறே இருந்தது. பாசி படிந்த தண்ணீர்த் தொட்டி, துருவேறிய குழாய்கள், பாத்திரம் துலக்கும் கல் ஆகிய யாவும் வருவோர் கண்ணில் முதலில் படும். தரை முழுதும் சிமெண்டு பூசியாகிவிட்டதால் மரம் நட இடமில்லை. ஆகவே, பசுமை மாறாத செடிகளைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து மறைப்பதென முடிவாயிற்று.

பக்கங்களில் பரவாது ஓங்கி வளரும் நெட்டிலிங்கத்தைத் தேர்ந்தோம். அரளி வெயிலைத் தாங்குமெனினும், அதன் எல்லாப் பகுதியும் நஞ்சாதலால் குழந்தைகள் நடமாடும் இடத்திற்கு ஆகாது. ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் கொண்ட தொட்டிகள், அடியில் துளைகள், அவற்றின் மேல் ஓட்டுச் சில்லுகள், பின்னர் செம்மண், தொழுவுரம், மட்கிய தேங்காய் நார்க்கழிவு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வீசும் காற்று, உயர்ந்த செடியைத் தொட்டியோடு சாய்த்துவிடும் என்பதால், கம்பி கட்டிப் பிணைத்தோம். நிலத்துச் செடியின் வேர் நீரைத் தேடிச் செல்லும். தொட்டிச் செடியோ நம் கையையே நம்பியிருக்கிறது. பசுமை மாறாச் செடியும் இலை உதிர்க்காமல் இல்லை. ஒரே பருவத்தில் மொத்தமாக உதிர்க்காது, பழையதைக் கழித்தபடியே புதியதைத் துளிர்க்கிறது, அவ்வளவே.

நான்கு தொட்டிகள் எஞ்சின. தெற்கே குட்டைச் சுவருக்கு அப்பால் ஒற்றையறை வீடுகளின் வரிசை. அங்கே பெண்கள் வாசற்படியில் அமர்ந்து, திருப்பூருக்குச் செல்லும் பனியன்களில் பிசிறு வெட்டுவார்கள். அந்தப் பக்கத்தையும் மறைத்துவிடலாம் என்றான் மகன். அவன் தாய் சொன்னாள்: "ஏங்கண்ணு, கொழாயை மறைச்சது சரி. அங்க இருக்கறவங்க என்ன கொழாயா?"

அக்கேள்வி எங்கள் வீட்டோடு முடிவதன்று. 2010ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கு முன், குடிசைப் பகுதிகளை மூங்கில் வளர்த்து மறைக்கும் திட்டம் டெல்லியில் பேசப்பட்டது. 2020இல் அமெரிக்க அதிபர் வந்தபோது அகமதாபாத்தில் குடிசைகளையொட்டிச் சுவர் எழுந்தது. 2023இல் ஜி-20 மாநாட்டின்போது டெல்லிக் குடிசைகளின் முன்னே பச்சைத் துணி கட்டப்பட்டது. மூங்கிலோ செங்கல்லோ துணியோ, விருந்தினர் கண்ணுக்குத்தான் திரை. உள்ளே இருப்போரின் கூரை அதனால் ஒழுகாமல் நின்றுவிடுவதில்லை.

பொருளை மறைப்பது ஒழுங்கு. மனிதரை மறைப்பது வேறு. மறைத்த பொருளையும் மறந்துவிடலாகாது. துருவேறிய குழாய் இலைகளுக்குப் பின்னேயும் ஒழுகத்தான் செய்யும். அதை மாற்றிய பின்னரே செடிகளை வரிசையாக நிறுத்தினோம்.

மீதி நான்கு தொட்டிகளும் அப்பெண்களின் விருப்பப்படி, மாலை வெயில் அவர்கள் முகத்தில் அடிக்கும் மேற்கு ஓரத்திற்குச் சென்றன. செடிகள் இன்னும் நெஞ்சளவே வளர்ந்துள்ளன, நிழல் போதாது. தண்ணீர் மட்டும் இரு வீட்டாரும் முறைவைத்து ஊற்றுகிறோம்.