வெட்டுக்கிளி செஞ்ச அலமாரி

ஜெர்மனியில நம்ம ஜாகை கூரைக்கடியில மக்கா. சுவர் பாதியிலயே சாஞ்சுடும், கடை அலமாரி எதுவும் ஒட்டாது. அதான் பல்கலைக்கழகப் பட்டறையில நானே வெட்டிட்டேன்.

ரைனோல ஓடுற கிராஸ்ஹாப்பர், அதாங்க வெட்டுக்கிளி (பேருக்கேத்த வேலை!). இதுல அலமாரியை வரையுறதில்லை, விதியைத்தான் எழுதுறோம். கூரைச் சாய்வு, தட்டு எண்ணிக்கை, பலகைத் தடிமன் எல்லாமே எண்கள். ஒண்ணை மாத்தினா மத்தது தானா நகரும்.

அருமை புரிஞ்சது பிளைவுட் வந்த அன்னிக்கு. 18 மி.மீ.ன்னு வித்த பலகை, காலிப்பர்ல 17.4. அப்படியே வெட்டினா ஒவ்வொரு காடியும் லொடலொடன்னு ஆடும். பலகைக்குக் கொடுத்த ரெண்டு வாரச் சாப்பாட்டுக் காசும் அம்பேல். ஒரே ஒரு எண்ணை மாத்தினேன், 46 காடியும் சேர்ந்தாப்ல சுருங்கிச்சு!

ஆனா மெஷினுக்கும் ஒரு வீக்னெஸ் உண்டு. சுத்துற பிட் உருண்டைங்கிறதால உள்மூலை வளைவாத்தான் வரும், சதுரமான பலகை முழுசா இறங்காது. மூலைக்கு மூலை இன்னும் கொஞ்சம் குடையணும். பார்க்க எலும்புத்துண்டு மாதிரி இருக்கும், பேரே டாக்போன்தான். நம்மூர் ஆசாரி உளியால ரெண்டு தட்டுல முடிச்சிருப்பார்.

அலமாரி நிக்குது. ஒரு ஆணிகூட அடிக்கலை. (ஆபீஸ்ல ஆணி புடுங்குறவங்க மன்னிக்கவும்.)